செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் ஓ.டி.

காக்ஸ் டவுனில் பவுலின் குடியிருந்த குறுக்குத் தெருவுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை.

காலை ஆறு முப்பத்தைந்துக்கு ஃபாக்டரி பஸ் தெருமுனையில் வந்து நிற்கும். வீட்டுக்கு ஒருவராக ஆண்கள் கேட்டைச் சாத்திவிட்டுப் போய் ஏறிக்கொள்வார்கள். மாலை ஐந்தே முக்காலுக்கு அதே பஸ் அவர்களைக் கொண்டுவந்து இறக்கும். நடுவில் இருக்கும் பதினோரு மணி நேரமும் தெரு, பெண்களுக்கும் காக்கைகளுக்கும், சைக்கிளில் தகரப்பெட்டி கட்டி வரும் ரொட்டிக்காரருக்கும் சொந்தம்.

யாராவது ஒருவர் மாலை பஸ்ஸில் வரவில்லை என்றால் வீட்டில் பயப்பட மாட்டார்கள். கூட வேலை செய்கிறவர் ஒரு நிமிஷம் அந்த வீட்டுக் கேட்டருகே நின்று, "அவருக்கு ஓ.டி." என்று சொல்லிவிட்டுப் போவார். ஓவர்டைம். அதைக் கேட்டதும் வீட்டுக்காரி காப்பித் தண்ணீரில் ஒரு தம்ளர் குறைப்பாள். சாப்பாட்டை மூடி வைப்பாள். மாதா கோவில் மணியை நம்புவதுபோல அந்தத் தெரு அந்தச் சொல்லை நம்பியது.

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, எதிர்வீட்டு ஓஸ்வால்ட் அப்படித்தான் வந்து நின்று, "ரெமிக்கு ஓ.டி., பவுலினம்மா" என்றார். பவுலின் சாப்பாட்டை மூடி வைத்தாள். எட்டு மணிக்குக் கோவிலிலிருந்து ஆள் வந்தது. அவள் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடிச் சேர்ந்தபோது, கணவர் ரெமிஜியஸின் உயிர் பிரிந்து அரை மணி ஆகியிருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

கட்டிலருகே உட்கார்ந்திருந்தவள் மூத்த மகள் டோரீன். ரிஜிஸ்டிரார் ஆபீசில் கையெழுத்துப் போட்டு, ஸ்ரீராம்புரத்து மில் தொழிலாளி முனிகிருஷ்ணனைக் கட்டிக்கொண்டு போனவள். அன்றிலிருந்து அவள் பேச்சே வீட்டில் கூடாது என்று பவுலின் சொல்லியிருந்தாள். ரெமிஜியஸ் மறுபேச்சுப் பேசவில்லை. ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கத் தெரிந்த அளவுக்குச் சண்டை பிடிக்கத் தெரியாத மனிதர் அவர்.

மகள் வீட்டில் வைத்துத்தான் அவருக்கு நெஞ்சு வலித்தது என்று கேட்ட மாத்திரத்தில், ஆஸ்பத்திரி வராண்டாவில் அத்தனை பேர் முன்னால் பவுலின் சொன்னாள்: "ஒரே ஒரு நாள் உன் வாசப்படிய மிதிச்சாரு. பொணமாத் திருப்பிக் குடுத்துட்டே."

டோரீன் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றுவிட்டுப் போனாள்.

இவ்வளவும் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியாத ஒன்றும் அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையில் இருந்தது. அதை பவுலின் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

* * *

பத்து மாதம் கழிந்து, ஜூன் மாதத்துக் கடைசி நாள். வெள்ளிக்கிழமை. தூறல் விட்டும் விடாமலும் இருந்த காலை.

ஆறு இருபதுக்கே ஓஸ்வால்ட் கேட்டருகே வந்து நின்றார். கல்யாணத்துக்குப் போகிறவர்போல கோட்டு, டை. கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"என்ன அண்ணே, மாப்பிள்ளை மாதிரி?" என்றாள் பவுலின், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு.

"இன்னைக்கு எனக்குக் கடைசி பஸ், பவுலினம்மா. ரிடயர்மெண்ட்."

"தெரியும். நேத்தே உங்க வீட்டுலேருந்து கேக் வாசம் வந்துச்சே."

"கேக்கா? எங்க வீட்டம்மா சுட்டது செங்கல். வெட்டறதுக்கு டூல் ரூம்ல ரம்பம் சொல்லி வெச்சிருக்கேன்."

பவுலின் சிரித்தாள். ஓஸ்வால்ட் சிரிக்கவில்லை. பெட்டியைக் கேட்டுத் தூண்மேல் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

"பவுலினம்மா, ஒரு விஷயம். ரெமிக்கு ஓ.டி. இல்ல."

"எப்போ?"

"எப்பவுமே."

அவளுக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் அவனுக்கு ஓ.டி.ன்னு வந்து சொல்வேனே, கிட்டத்தட்ட ரெண்டு வருஷம்... அதுல ஒரு நாள்கூட நெசம் இல்ல. ஷிஃப்ட் முடிஞ்சதும் நாங்க இந்தப் பஸ்ல ஏறுவோம். அவன் சிட்டிப் பக்கம் போற பஸ்ல ஏறிடுவான். ஸ்ரீராம்புரத்துக்கு. டோரீனுக்குக் குழந்தை பொறந்ததுலேருந்து."

தெருமுனையில் பஸ் வந்து நின்றது. எப்போதும்போல இரண்டு தடவை ஹாரன்.

"நான்தான் கேட்டேன். 'எதுக்குடா திருட்டுத்தனம், பவுலின்கிட்டச் சொல்லிடேன்'னு. 'அவ கோபம் ஆறட்டும் ஓஸி, நானே சொல்றேன்'னான். ஆறவும் இல்ல, சொல்லவும் இல்ல." அவர் குரல் தழைந்தது. "நீங்க அன்னைக்கு வராண்டாவுல அந்தப் பொண்ணைச் சொன்னீங்களே, ஒரே ஒரு நாள் வந்தாருன்னு. நான் தூணுக்குப் பின்னாடிதான் நின்னேன். அது ஒரு நாள் இல்லம்மான்னு ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழும்பல எனக்கு."

"இதை ஏன் இன்னைக்குச் சொல்றீங்க?"

"நேத்து டோரீன் ஃபாக்டரி கேட்டுக்கு வந்திருந்துச்சு. 'அங்கிள், ரிடயர் ஆறீங்களாமே, நல்லா இருங்க'ன்னு சொல்லிட்டுப் போக. அவ புருஷனுக்கு வடக்கே பிலாய்ல வேலை கெடைச்சிருக்கு. குடும்பத்தோட போறாங்க. இன்னைக்கு."

"இன்னைக்கா?"

"சாயந்திரம் ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புறாங்க. அவ்வளவு தூரம் போனவங்க எப்போ திரும்புவாங்களோ. ஒரு குத்தம் சொல்லல அந்தப் பொண்ணு. திட்டியிருந்தா நேத்து ராத்திரி நான் தூங்கியிருப்பேன்."

"ஹொத்தாய்த்து, நேரமாச்சு, ஓஸ்வால்ட்!" டிரைவர் கோவிந்தப்பா பஸ்ஸிலிருந்து தலையை நீட்டிக் கத்தினார். "கடைசி நாளாவது நேரத்துக்கு வாய்யா!"

"நாலாவது கிராஸ் தெரு, தண்ணிக் குழாய்க்கு எதிர் வரிசைன்னு ரெமி சொல்வான். எனக்கு அவ்ளோதான் தெரியும்," என்று சொல்லிவிட்டு ஓஸ்வால்ட் திரும்பினார். கேக் பெட்டி தூண்மேலேயே இருந்தது. பவுலின் அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். ஏன் ஓடினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பஸ் போயிற்று.

தெரு அமைதியாயிற்று.

* * *

இளைய மகள் ஃபிலோமினா சிக்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். எட்டரைக்குக் கிளம்பினாள்.

"மம்மி, இன்னைக்கு வெள்ளி. ஷார்ட்ஹேண்ட் க்ளாஸ். வர ஏழரை ஆகும், தேடாதீங்க." கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு திரும்பினாள். "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. குடை எடுத்துக்கோ."

"தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னேனே."

அவளும் போனபின் வீடு முழுவதுமாக அடங்கியது. சுவர்க் கடிகாரம் நடந்துகொண்டிருந்தது. பவுலின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இந்த அமைதிக்கு ஆசைப்பட்டுத்தான் அவள் இங்கே வந்தாள். அதற்கு முன்னால் அல்சூரில் ஒரு சந்து. சுவருக்குச் சுவர் வீடு. ஒருவர் தும்மினால் நாலாவது வீட்டில் கஷாயம் வைப்பார்கள். "மனுஷர் குடியிருக்கிற இடத்துக்குப் போகலாம்" என்று அவள்தான் ரெமிஜியஸை அரித்துப் பிடுங்கினாள். மருதாணி வேலி, மங்களூர் ஓடு, கேட் வைத்த வீடு. வந்த முதல் வருஷம் பகல் நேரத்து நிசப்தத்தை அவள் காதில் கம்மல் போட்டுக்கொண்டதுபோல அனுபவித்தாள்.

பதினோரு மணிக்குக் கேட் தடதடவென்று ஆடியது. மீன்கார லட்சுமம்மா.

"இன்னாம்மா, தொறக்கறியா, இல்ல மீனைத் தூக்கி உள்ளே எறியட்டுமா?"

ரெமிஜியஸ் ஃபாக்டரி ஷெட்டில் வீணாய்க் கிடந்த பித்தளையில் தானே செய்த தாழ்ப்பாள் அது. முதலில் தூக்கி, கட்டைவிரலால் அழுத்தி, அப்புறம் இழுக்க வேண்டும். பழகாதவர் யாராக இருந்தாலும் நின்று ஆட்டித்தான் பார்ப்பார்கள்.

"ஆறு வருஷமா வரேன், இது மட்டும் என்கூட ராசியாவல," என்றாள் லட்சுமம்மா. "இதைச் செஞ்ச மனுசன் கெட்டிக்காரரு. திருடனும் உள்ளே வரமாட்டான், மீன்காரியும் வரமாட்டா. மத்தி வாங்கிக்கோ. உங்களுக்குக் கறி ஆகாத வெள்ளிக்கெழமை அதுவுமா வெறும் ரசத்தையா வைக்கப் போறே?"

பவுலின் கூடையைப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஓஸ்வால்ட் வந்து சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரம் கழித்து, இதே கேட் திறந்தது. ஆடவில்லை, தடதடக்கவில்லை. ஒரே தடவையில் திறந்தது. ரெமிஜியஸ்தான் என்று நினைத்து அவள் கதவருகே வந்தாள். நின்றவன் முனிகிருஷ்ணன். மழையில் நனைந்து, மூச்சு வாங்க.

"அத்தே, மாமாவுக்கு நெஞ்சு வலி. பெரிய ஆஸ்பத்திரியில இருக்காரு. உடனே வாங்க."

"யாருக்கு யாரு அத்தை?" என்றாள் அவள். "அவருக்கு ஓ.டி. ஃபாக்டரியில இருக்காரு. இப்பதான் சொல்லிட்டுப் போனாங்க. என் வீட்டுக்குள்ள நுழைய வேற கதை கெடைக்கலையா உனக்கு?"

"அத்தே, ஓ.டி. இல்ல, நான் சொல்றதை..."

கதவைச் சாத்தினாள். உள்தாழ் போட்டாள். அவன் இரண்டு தடவை கூப்பிட்டான். எதிர்வரிசை ஜன்னல்களில் திரைச்சீலை அசைந்திருக்கும். அவ்வளவுதான். அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் தலையிடாத கண்ணியமான தெரு. அவன் அதன்பிறகு கோவிலுக்குப் போய் சாமியாரிடம் சொல்லி, அவர் ஆள் அனுப்புவதற்குள் எட்டு மணி.

அல்சூர் சந்தாக இருந்திருந்தால் அவன் போட்ட முதல் சத்தத்துக்கே பத்துப் பேர் கூடியிருப்பார்கள். "பொய்யோ நெசமோ, போய்ப் பாரேன்டி" என்று அவளைப் பிடித்துத் தள்ளியிருப்பார்கள். ஏழரைக்கெல்லாம் கட்டிலருகே போயிருப்பாள். அவர் கண் திறந்திருந்த நேரம்.

பத்து மாதமாக அவளை அரித்தது இன்னொன்று. அந்நியன் ஒருவனுக்கு அந்தத் தாழ்ப்பாள் எப்படி ஒரே தடவையில் திறந்தது? இன்று காலையிலிருந்து அதற்குப் பதில் தெரிந்துவிட்டது. அவன் வீட்டிலும் அதே தாழ்ப்பாள் இருக்க வேண்டும்.

"இன்னாம்மா, மீனைப் பார்க்கச் சொன்னா கேட்டைப் பார்த்துக்கினு நிக்கறே?"

"லட்சுமம்மா, ஸ்ரீராம்புரத்துக்கு எப்படிப் போறது?"

"அங்க யாரு உனக்கு?"

லட்சுமம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"பிளாக்பள்ளிக்குப் போ. அங்கேருந்து மெஜஸ்டிக். அப்புறம் ரயில்வே லைனைத் தாண்டி நடந்தா ஸ்ரீராம்புரம். கேட்டுக்கினே போனா வழி வந்துடும்."

* * *

உடனே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை.

நல்ல புடவையைக் கட்டினாள். இவ்வளவு நல்ல புடவையா என்று அவிழ்த்து, கறுப்புக் கரைப் புடவையைக் கட்டினாள். போய் என்ன சொல்வது? தப்பு என்று சொன்னால் எந்தத் தப்பை? வராண்டாவில் சொன்னதையா, கதவைச் சாத்தியதையா? கதவைச் சாத்தியது டோரீனுக்குத் தெரிந்திருக்கும். புருஷன் சொல்லாமல் இருப்பானா? தெரிந்திருந்தால் வாசலிலேயே நிறுத்துவாள். நிறுத்தட்டும். இல்லை, நிறுத்தினால் தாங்குமா?

கடிகாரம் இரண்டு அடித்தது. இரண்டரை. தெருவில் ஒரு பூனைகூட நடக்கவில்லை. போ என்று சொல்லவும் ஆள் இல்லை, போகாதே என்று சொல்லவும் ஆள் இல்லை.

மூன்று மணிக்கு எழுந்து, தாழ்ப்பாளைத் தூக்கி, அழுத்தி, கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு நடந்தாள்.

பிளாக்பள்ளியில் ஒரு பஸ் நிற்காமல் போயிற்று. அடுத்ததில் மெஜஸ்டிக் வந்து சேர நாலரை. செவ்வாயும் வெள்ளியும் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, இந்த வழியாகத்தான் அவரும் நடந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே லைனைத் தாண்டினாள். வழி தவறி இரண்டாவது கிராஸில் சுற்றி, நாலாவது கிராஸ் வந்தபோது ஐந்து அடித்துவிட்டது.

குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. எதிர் வரிசையில் எட்டு வீடுகள், எட்டும் ஒரே அச்சு.

"யாரைத் தேடறே?" என்றாள் குடம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்.

"முனிகிருஷ்ணன்... மில்லுல வேலை..."

"இந்த லைன்ல பாதிப் பேரு மில்லுதான். எந்த முனிகிருஷ்ணன்?"

"டோரீன்னு அவன் பொண்டாட்டி."

"அட, ஓ.டி. தாத்தா பொண்ணு வூடா!"

பவுலின் திரும்பிக் கேட்டாள். "என்ன தாத்தா?"

"அதோட அப்பாம்மா. செவ்வா, வெள்ளி தவறாம வந்துடுவாரு. 'எங்க வீட்டுல ஓ.டி.ன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்'னு சிரிப்பாரு. அதுலேருந்து பசங்கள்லாம் ஓ.டி. தாத்தா, ஓ.டி. தாத்தான்னு பின்னாடியே ஓடும். டீயைக் குடிச்சுட்டு ஸ்க்ரூ டிரைவரும் கையுமா கிளம்பிடுவாரு. இந்த லைன்ல ஆடாத தாழ்ப்பாள் எல்லாம் அவரு போட்டதுதான். போன வருசம் போய்ட்டாரு, பாவம்." குடம் நிரம்பி வழிந்தது. "நீ யாரு அவருக்கு?"

"வீட்டுக்காரி."

அந்தப் பெண் கீழே இருந்த குடத்தை நகர்த்தி வழி விட்டாள். "பித்தளைத் தாழ்ப்பாள் வூடு," என்று மட்டும் சொன்னாள்.

பவுலின் அந்தக் கதவின் முன் நின்றாள். தட்ட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் கை தன் வழக்கப்படி போயிற்று. தூக்கி, கட்டைவிரலால் அழுத்தி, இழுத்தாள். கதவு திறந்தது.

"தாத்தா!"

உள்ளேயிருந்து இரண்டரை வயதுக் குழந்தை ஓடிவந்தது. பவுலினைப் பார்த்ததும் நின்றது. பிறகு அவளைத் தாண்டி வாசலை எட்டிப் பார்த்தது. யாரும் இல்லை என்று தெரிந்ததும் அழத் தயாராயிற்று.

"சரளா, யாரும்மா..." என்றபடி வந்த டோரீன் அப்படியே நின்றாள்.

* * *

அறையில் இரண்டு டிரங்குப் பெட்டிகள், ஒரு படுக்கைச் சுருள். அலமாரித் தட்டுகள் காலி. தட்டைத் தாங்கும் இரும்புக் கொம்புகள், ஜன்னல் கொக்கி, தூளி கட்டும் வளையம், எல்லாம் ரெமிஜியஸ் கை. ஸ்க்ரூவின் தலையில் உள்ள வெட்டு எல்லாவற்றிலும் நேராக, ஒரே பக்கமாகப் பார்த்திருந்தது. அப்படித்தான் முடுக்குவார்.

"ஓஸ்வால்ட் அண்ணன் எல்லாம் சொன்னாரு," என்றாள் பவுலின்.

டோரீன் மடித்த துணியையே மறுபடி மடித்தாள். "இப்பதான் சொன்னாரா?"

"இன்னைக்குக் காலையில."

"காலையிலயா? மணி அஞ்சு தாண்டிடுச்சே." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்னைக்கு வராண்டாவுல நீ ஏன் வாயைத் திறக்கல? ரெண்டு வருஷமா வர்றாருன்னு என் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கலாமே."

"சொன்னா டாடி உங்ககிட்டப் பொய் சொன்னவராயிடுவாரு. பக்கத்துல செத்துக் கிடக்கிறாரு. திரும்ப எழுந்து பதில் சொல்ல முடியுமா அவரால?" துணியைப் பெட்டியில் வைத்து அழுத்தினாள். "என்னையே சொல்லிட்டுப் போங்கன்னு விட்டுட்டேன். எனக்குப் பழகினதுதானே."

பவுலின் பக்கத்தில் போனாள். தொடுவதற்குக் கை வரவில்லை. குழந்தை ஒரு சப்பாத்திக் கட்டையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிற்று.

வெளியே ஜட்கா வண்டி வந்து நிற்கும் சத்தம். முனிகிருஷ்ணன் வாசலுக்கு வந்தான். உள்ளே இருப்பது யார் என்று பார்த்ததும் படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். சொந்த வீட்டு வாசல்.

"உள்ள வரலாமாம்மா?" என்றான்.

டோரீனுக்கு அது வேடிக்கைப் பேச்சாகப் பட்டிருக்கும். பவுலினுக்கு அப்படிப் படவில்லை. அத்தை என்று அவன் சொல்லவில்லை என்பதையும் அவள் கவனித்தாள்.

"வாங்க," என்றாள். பிறகு, "வாங்க, மாப்பிள்ளை."

முனிகிருஷ்ணன் உள்ளே வந்து, பெட்டியைத் தூக்கப் போவதுபோலக் குனிந்தான். "நேரமாயிடுச்சு, டோரீன். அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டிட்டா கிளம்பிடலாம். இவ அதை விட்டுட்டு வரமாட்டேங்கறா," என்று பவுலினைப் பார்க்காமலே சொன்னான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, அதனருகே உட்கார்ந்தான்.

"டோரீன்," என்றாள் பவுலின். "அன்னைக்கு இவரு என்னைக் கூப்பிட வந்தப்போ..."

"தெரியும். வீடு பூட்டியிருந்துச்சு, நீங்க கோவிலுக்குப் போயிருந்தீங்க. அதான் சாமியார்கிட்டச் சொல்லிட்டு வந்தேன்னு சொன்னாரு."

ஸ்க்ரூ டிரைவர் ஒரு நொடி நின்றது. மறுபடி சுற்றியது. அவன் திரும்பவில்லை.

பவுலினுக்கு அப்போது புரிந்தது. இவன் சொல்லவில்லை. பத்து மாதமாகப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது அவளும் சும்மா இருந்தால் போதும். ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. ஆறு மணிக்கு ஜட்கா போய்விடும். மகள் போகிற நேரத்திலாவது கையைப் பிடித்துக்கொள்வாள்.

"வீடு பூட்டியிருக்கல," என்றாள். "நான் உள்ளதான் இருந்தேன். இவரு சொன்னாரு. நான் நம்பல. அவருக்கு ஓ.டி., நீ கதை விடறேன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன்."

டோரீன் தாயைப் பார்த்தாள். பிறகு கணவனின் முதுகைப் பார்த்தாள்.

"நெசமா?"

"விடு," என்றான் அவன்.

"டாடி எத்தனை தடவை வாசலைப் பார்த்தாருன்னு உனக்குத் தெரியும்ல? வந்துட்டாளா, வந்துட்டாளான்னு... ஏன் எங்கிட்ட மறைச்சே?"

"சொல்லி என்ன ஆவப்போவுது? ஒரு மனுசர் போயாச்சு. மிச்சம் இருக்கற அம்மாவையும் உனக்கு இல்லாமப் பண்ணணுமா?"

டோரீன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பவுலின் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கதவருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள். முனிகிருஷ்ணன் கழற்றிய மூன்று ஸ்க்ரூக்களைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். நாலாவது துருப்பிடித்து நகர மறுத்தது.

"அன்னைக்கு நான் கதவைச் சாத்தாம இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவன் ஸ்க்ரூவின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டான்.

"மாமாதான் சொல்லி அனுப்பிச்சாரு. 'ஓ.டி.ன்னு சொன்னதெல்லாம் பொய்யின்னு அவகிட்டச் சொல்லிடு, முனி. திட்டுவா. பயப்படாதே. திட்டிட்டு வருவா'ன்னாரு."

பவுலின் ஸ்க்ரூக்களை இறுக மூடிக்கொண்டாள். அவை உள்ளங்கையில் குத்தின. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர் அவளைப்பற்றிக் கடைசியாகச் சொன்ன வார்த்தை. அதில் பாதியை மட்டும் அவள் செய்திருந்தாள்.

நாலாவது ஸ்க்ரூ கிறீச்சென்று நகர்ந்தது. தாழ்ப்பாள் கையோடு வந்தது. கதவில் நான்கு ஓட்டைகள். குழந்தை ஓடிவந்து தாழ்ப்பாளை வாங்கி, இரண்டு கையாலும் நெஞ்சோடு வைத்துக்கொண்டது.

காக்ஸ் டவுனில் பஸ் வந்திருக்கும் நேரம். ஓஸ்வால்ட் கடைசித் தடவையாக இறங்கி, சாத்திக் கிடக்கும் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். அவருக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

வாசலில் அவசரமாக ஒரு காலடிச் சத்தம். யாரோ வெளியிலிருந்து கதவில் கை வைத்தார்கள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் கட்டைவிரல் தடவித் தேடுவது, உட்கார்ந்திருந்த பவுலினுக்கு அந்த ஓட்டைகளின் வழியே தெரிந்தது. பழகிய விரல்.

தள்ளியதும் கதவு திறந்தது.

"அக்கா, நல்லவேளை கிளம்பல! வீட்டுல ஷார்ட்ஹேண்ட் க்ளாஸ்னு சொல்லிட்டு..."

ஃபிலோமினா அங்கேயே நின்றுவிட்டாள். கதவை ஒட்டிய சுவர் ஆணியில், தொலைந்துபோன அவளுடைய நீலக் குடை மாட்டியிருந்தது.

டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். பவுலின் தரையிலிருந்து தன் இளைய மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் உனக்கும் ஓ.டி.யா, ஃபிலோ?" என்றாள்.